இயக்குப்பிடி இல்லாத இருக்கை

அமெரிக்கக் கடற்படை விமானங்களில் விமானத்தை ஓட்டாத அதிகாரிகள் ஒரு தனிப் பிரிவாக இருக்கிறார்கள். போர்விமானத்தின் பின்னிருக்கையில் ரேடாரைப் பார்ப்பவர், குண்டுவீச்சு விமானத்தை இருட்டில் இலக்குவரை நடத்திச் செல்பவர், எதிரியின் ரேடாரை முடக்குபவர், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிப் பிடிப்பவர் ஆகிய எல்லோரும் இதில் அடக்கம். பொதுப்பெயர் பறப்பு அதிகாரி. மார்பில் விமானியைப் போலவே பொன்னிறச் சிறகு அணிவார்கள். விமானியின் சின்னத்தில் கேடயத்துக்குப் பின்னால் ஒரே நங்கூரம். இவர்களுடையதில் குறுக்கிட்ட இரண்டு நங்கூரங்கள். 1965-இல்தான் இந்தப் பதவிப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இவர்கள் பார்வையாளர்கள் என்றே அழைக்கப்பட்டார்கள். புதிய சிறகுச் சின்னம் 1968-இல் கிடைத்தது. ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்குத் தலைமை ஏற்கும் தகுதிக்கு 1970-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன்பு எத்தனை திறமை இருந்தாலும் விமானிதான் தளபதியாக முடியும்.

இந்தத் தாமதம் நியாயமற்றது. ஏனென்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடற்படை விமானத்தின் வேலையில் பெரும்பகுதி விமானியின் கையை விட்டுப் போயிருந்தது. ஜெட் விமானத்தின் வேகம் கூடியது. ரேடார் வந்தது. இரவிலும் மழையிலும் போர் நடந்தது. திரும்பி வந்து இறங்க வேண்டிய கப்பலோ போன இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. அக்காலத்து ரேடார் திரையில் எதிரி விமானம் ஒரு தெளிவான புள்ளியாகத் தெரிவதில்லை. பச்சை இரைச்சலுக்கு நடுவே ஒரு கணம் தோன்றி மறையும் கீற்றாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துத் தொடர்வதற்கு ஒருவருடைய முழுக் கவனமும் வேண்டும். அதே நேரத்தில் அவரே விமானத்தையும் ஓட்டினால் இரண்டில் ஒன்று கெட்டுப்போகும்.

இவர்களுடைய பயிற்சியின் தாய்வீடு ஃப்ளோரிடா மாநிலத்தின் பென்சகோலா. அடிப்படைப் பள்ளி 1960-இல் அங்கே தொடங்கியது; பின்னர் அது விடி-10 என்ற பயிற்சி ஸ்குவாட்ரன் ஆயிற்று. 1970-களிலும் 80-களிலும் அங்கே பயின்றவர்களில் பலர் கண்ணாடி போட்டவர்கள். அன்று விமானியாவதற்குக் கண்ணாடி இல்லாமலே குறையற்ற பார்வை வேண்டியிருந்தது. பறப்பு அதிகாரிக்குக் கண்ணாடியால் திருத்திய பார்வை போதுமானதாக இருந்தது. சிறுவயதிலிருந்தே விமானி ஆகும் கனவோடு வந்து, கண் மருத்துவரின் மேசையில் பாதை மாறியவர்கள் அவர்கள். முதல் சில வாரங்கள் அந்த ஏமாற்றம் முகத்தில் தெரியும். வேலையின் ருசி பிடிபட்ட பிறகு அது எங்கே போனதென்று தெரியாது. 1981-இல் மேரி கிராஃபோர்ட் இந்தச் சிறகைப் பெற்ற முதல் பெண் ஆனார்.

பென்சகோலாவில் பயின்றவர்கள் எத்தனை ஆண்டு கழித்துப் பேசினாலும் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். கடலின்மேல் பறக்கப் போகிறவர் கடலில் விழவும் கற்றுக்கொள்ள வேண்டும். பறப்பு உடையோடு ஒரு மைல் நீந்த வேண்டும். நனைந்த உடையும் காலணியும் காலைக் கீழே இழுக்க, தலையை மட்டும் மேலே வைத்து மிதக்க வேண்டும். பின்பு டில்பர்ட் என்று பெயர் வைத்த காக்பிட் கூண்டு. சரிவான தண்டவாளத்தில் அது சறுக்கி வந்து நீச்சல் குளத்தில் மோதித் தலைகீழாகக் கவிழும். உள்ளே வாரால் கட்டுண்டு இருப்பவர் தன்னை விடுவித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். 1982-இல் வெளிவந்த ‘அன் ஆபீசர் அண்ட் எ ஜென்டில்மேன்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூண்டு தெரிந்திருக்கும்.

அதைவிடக் கடுமையானது ஹெலிகாப்டர் உருளை. பெரிய பீப்பாய் போன்ற அந்த அறைக்குள் பலரை வரிசையாக உட்காரவைத்துத் தண்ணீரில் இறக்கிப் புரட்டிவிடுவார்கள். கடைசிச் சுற்றில் கண்ணையும் மறைத்துவிடுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும். எது மேல், எது கீழ் என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் கால் முகத்தில் படும். அந்த நேரத்தில் வாரை உடனே அவிழ்க்கக் கூடாது என்பதுதான் பாடம். ஒரு கையால் அருகிலுள்ள நிலையான பிடியைப் பற்றிக்கொண்டு, புரளுவது முழுதாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மறு கையால் வாரை அவிழ்த்து, பிடித்த பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு, அங்கிருந்து சன்னலுக்கு என்று கைமாற்றிக் கைமாற்றி வெளியேற வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே அவிழ்த்துக்கொண்டவர் திசை தெரியாமல் கூரையில் முட்டிக்கொண்டு நிற்பார். முக்குளிப்பவர் வந்து இழுத்துப் போவார். பதற்றம் வரும்போது ஒரு நிச்சயமான புள்ளியைப் பற்றிக்கொண்டு அடுத்த செயலை யோசிப்பது என்ற பழக்கம் அங்கே உடம்பில் ஏறியது. பின்னாளில் ரேடார் திரையின் முன்னால் அதுவே பயன்பட்டது.

காற்றழுத்த அறை இன்னொரு அனுபவம். அறையின் காற்றை 25,000 அடி உயரத்தின் அளவுக்குக் குறைத்து, முகமூடியைக் கழற்றச் சொல்லி, எளிய கணக்குகளைக் கொடுப்பார்கள். ஒருவருக்கு விரல் நுனி கூசும், ஒருவருக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வரும், ஒருவர் தான் சரியாக எழுதுவதாக நம்பிக்கொண்டே கிறுக்குவார். உயிர்வளி குறைந்தால் தன் உடம்பு முதலில் என்ன அடையாளம் காட்டும் என்பதை ஒவ்வொருவரும் அங்கே கண்டறிந்து மனத்தில் குறித்துக்கொண்டார்கள்.

இதற்குப் பின் வழியறிதல். செயற்கைக்கோள் வழிகாட்டி பரவாத காலம் அது. புறப்பட்ட இடம், திசை, வேகம், காற்று, கழிந்த நேரம் ஆகிய ஐந்தையும் வைத்து இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். கையில் வரைபடம், பென்சில், வட்டமான கணக்கிடு தகடு, கடிகாரம். வேகத்தை 360 நாட் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 6 கடல் மைல். 420 நாட் என்றால் 7. மனக்கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்றே அந்த வேகங்களைத் தேர்ந்தார்கள். ஒரு பாகை பிசகினால் 60 கடல் மைல் தூரத்தில் ஒரு கடல் மைல் விலகியிருப்போம் என்பது எல்லோரும் மனப்பாடம் செய்த விதி. 30 கடல் மைல் பறந்த பின் ஒரு கடல் மைல் இடப்பக்கம் விலகியிருப்பது தெரிந்தால், பிசகு 2 பாகை. 2 பாகை வலமாகத் திருப்பினால் மேலும் விலகாமல் இணையாகப் போகலாம். 4 பாகை திருப்பினால் அடுத்த 30 கடல் மைலில் பழைய பாதையில் சேர்ந்துவிடலாம். நேரமும் அப்படியே. இலக்குக்கு 70 கடல் மைல் இருக்கையில் அரை நிமிடம் தாமதம் என்றால், 420-ஐ ஏறத்தாழ 442 ஆக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து இதைப் போடுவதில் ஒரு சிரமமும் இல்லை. 500 அடி உயரத்தில், விமானம் குலுங்க, வரைபடத்தில் பார்த்த நீர்த்தொட்டி சன்னலுக்கு வெளியே எங்கே என்று தேடிக்கொண்டே, வானொலியிலும் பதில் சொல்லிக்கொண்டே போடுவதுதான் பயிற்சி.

விமானங்கள் படிப்படியாக மாறின. டி-34சி என்ற சிறிய டர்போப்ராப்பில் தொடக்கம். பின்பு டி-39 சேபர்லைனர். இது தொழிலதிபர்களுக்காகவும் விற்ற சிறிய ஜெட். மூக்கில் ரேடார் பொருத்தி, உள்ளே பல மாணவர்களை ஏற்றிப் பறக்கும் வகுப்பறையாக்கியிருந்தார்கள். ஒருவர் திரையில் வேலை செய்ய மற்றவர்கள் பின்னால் முறைக்காகக் காத்திருப்பார்கள். தலையைக் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது விமானம் சாய்ந்து திரும்பினால் வயிறு கலங்கும். வெளியே அடிவானத்தைப் பார்க்கும் விமானிக்கு இந்தத் தொல்லை குறைவு. குமட்டல் பையைக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வதும், பயன்படுத்திக் கட்டி வைத்துவிட்டு அடுத்த நொடியே திசையைச் சொல்வதும் அக்காலத்து மாணவர்களுக்குச் சாதாரணம். வாந்தி எடுத்ததற்காக யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. வாந்தி எடுத்தபின் பேச்சு நின்றுபோனால் குறைத்தார்கள்.

பேச்சுதான் இந்தத் தொழிலின் உயிர். பறப்பு அதிகாரியின் கையில் இயக்குப்பிடி கிடையாது. அவர் நினைப்பது விமானத்தின் அசைவாக மாற வேண்டுமானால் அது குரலாகிப் போக வேண்டும். எனவே எதை, எந்த வரிசையில், எத்தனை சொல்லில் சொல்வது என்பதற்குத் தனிப்பயிற்சி இருந்தது. முதலில் திருப்பும் பக்கம், பிறகு திசைக்கோணம், பிறகு உயரம். காரணம் தேவையென்றால் கடைசியில். பயிற்சி விமானி, பாதுகாப்பு இடம் கொடுக்கும்வரை, மாணவர் சொன்ன திசைக்கே திருப்புவார். தவறாகச் சொன்னால் தவறான திசைக்கே போவார். தன் சொல்லால் பல டன் உலோகம் தவறான பக்கம் சாய்வதை ஒருமுறை உணர்ந்தவர் மறுமுறை வாய் திறக்கும்முன் யோசிப்பார். ஆனால் யோசனை நீண்டாலும் இலக்கு கடந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள அளவைக் கண்டுகொள்வதற்குள் பலர் பாதியில் வெளியேறினார்கள்.

அடிப்படை முடிந்ததும் பாதைகள் பிரிந்தன. போர்விமானங்களுக்கும் தாக்குதல் விமானங்களுக்கும் தேர்ந்தவர்கள் விடி-86 ஸ்குவாட்ரனுக்குப் போனார்கள். 1972-இல் ஜார்ஜியா மாநிலத்தின் கிளிங்கோவில் தொடங்கிய அது இரண்டே ஆண்டில் பென்சகோலாவுக்கு வந்துவிட்டது. பெரிய ரோந்து விமானங்களுக்குப் போகிறவர்களைக் கலிஃபோர்னியாவின் மேதர் தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே விமானப்படையின் டி-43 விமானத்தில், அதாவது வகுப்பறையாக மாற்றிய போயிங் 737-இல், விண்மீன்களைக் கோணமானியால் அளந்து நடுக்கடலில் இடம் குறிக்கும் பழைய கலையையும் கற்றார்கள். சிறகு கிடைத்த பிறகும் படிப்பு முடிவதில்லை. போர் ஸ்குவாட்ரனில் சேருமுன், பறக்கப்போகும் அதே விமானத்தில் மீண்டும் பல மாதப் பயிற்சி. டாம்கேட் போர்விமானத்துக்கு மிராமார், ஓஷியானா தளங்கள்; இன்ட்ரூடர் தாக்குதல் விமானத்துக்கு விட்பி தீவு.

ஃபேன்டம் போர்விமானத்தின் பின்னிருக்கைதான் இந்தப் பணிக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதே விமானத்தை வாங்கிய அமெரிக்க விமானப்படை பின்னாலும் இயக்குப்பிடி வைத்து, முதலில் அங்கேயும் விமானிகளையே உட்கார வைத்தது. முன்னிருக்கைக்கு எப்போது போவோம் என்று காத்திருந்த அவர்களில் பலருக்கு ரேடாரில் மனம் ஒட்டவில்லை. கடற்படை பின்னால் பிடியே வைக்கவில்லை. ரேடார் இடைமறிப்பு அதிகாரிக்கு அதுவே வாழ்நாள் தொழில், அதில் தேர்ச்சி பெறுவதே பெருமை. கடற்படை செய்த ஏற்பாடு சரியானது என்பது வியட்நாம் போரில் தெரிந்தது. விமானப்படையும் பின்னாளில் பின்னிருக்கைக்கு நேவிகேட்டர்களைக் கொண்டுவந்தது. அந்தப் போரில் அமெரிக்கத் தரப்பில் அதிகமாக, ஆறு எதிரி விமானங்களை வீழ்த்திய கணக்கு விமானப்படையின் சார்லஸ் டிபெல்வூவுக்கு உரியது. அவர் விமானியாக அல்ல, பின்னிருக்கை அதிகாரியாக அந்த ஆறையும் பெற்றவர். கடற்படையின் வில்லியம் டிரிஸ்கால் 1972 மே 10 அன்று ஒரே பறப்பில் மூன்று மிக்-17 விமானங்கள் வீழ்ந்தபோது பின்னால் இருந்தார். அவருடைய கணக்கு அன்று ஐந்தானது. திரும்பும் வழியில் ஏவுகணை தாக்கி, அவரும் விமானியும் கடலில் குதித்து மீட்கப்பட்டார்கள். நெருங்கிய சண்டையில் ரேடாருக்கு வேலை குறைவு. பின்னால் திரும்பிப் பார்த்து, எந்த மிக் எங்கிருந்து வருகிறது என்று இடைவிடாமல் சொல்வதுதான் அப்போதைய பணி.

தொலைதூர இடைமறிப்பு வேறு வகை. 480 நாட் வேகத்தில் எதிரெதிராக வரும் இரண்டு விமானங்கள் நிமிடத்துக்கு 16 கடல் மைல் நெருங்கும். 40 கடல் மைலில் கீற்று தென்பட்டால் மிச்சமிருப்பது இரண்டரை நிமிடம். திரையில் எதிரியின் கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் இரண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கப் போகின்றன என்று பொருள். கோணம் நகர்ந்தால் எந்தப் பக்கம் நகர்கிறது, அவன் திசை என்ன, பின்புறம் போய்ச் சேர எப்போது திரும்ப வேண்டும் என்பதை அதிகாரி மனத்தில் மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்துகொள்ள வேண்டும். இந்த மனச்சித்திரம் சிலருக்கு முதல் வாரத்திலேயே வரும், சிலருக்கு ஒருநாள் திடீரென்று திறக்கும், சிலருக்கு வராமலே போகும். பின்னர் வந்த எஃப்-14 டாம்கேட்டில் ஏடபிள்யூஜி-9 ரேடார் ஒரே நேரத்தில் 24 இலக்குகளைத் தொடர்ந்து, ஆறின்மேல் ஃபீனிக்ஸ் ஏவுகணைகளைச் செலுத்த வல்லது. அவற்றில் எந்த ஆறு என்று வரிசைப்படுத்துவது பின்னிருக்கையின் தீர்ப்பு. உயிர்காக்கும் முடிவிலும் அவருக்குப் பங்கு உண்டு. வெளியேற்று இருக்கைகள் இயங்கும்போது பின்னவர் முதலில், நொடியின் ஒரு சிறு பங்கு கழித்து விமானி. முன்னிருக்கை ராக்கெட்டின் தீ பின்னிருப்பவர்மேல் படக் கூடாது என்பதற்காக அந்த வரிசை.

ஏ-6 இன்ட்ரூடரில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தார்கள். வலப்பக்கத்தில் சற்றுக் கீழே குண்டுவீச்சு அதிகாரி, ரேடார் திரையின் கூம்பில் முகத்தைப் புதைத்திருப்பார். பருவமழை மூடிய வட வியட்நாமில், மற்ற விமானங்கள் தரையில் நிற்கும் இரவுகளில், மலைகளுக்கு இடையே தாழப் பறந்து பாலத்தையும் ரயில் நிலையத்தையும் தேடிப் போனது இந்த விமானம்தான். வெளியே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாத விமானி, பக்கத்திலிருந்து வரும் குரலையும் தன்முன் தெரியும் சித்திரத்தையும் நம்பி மலையைக் கடந்தார். இரண்டு மனிதர்களுக்கு இடையில் இதைவிட முழுமையான நம்பிக்கையைக் காண்பது அரிது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த பிரவுலரில் ஒரு விமானிக்கு மூன்று பறப்பு அதிகாரிகள். முன்னிருக்கைக்காரர் வழியையும் வானொலியையும் கவனிக்க, பின்னால் இருவர் எதிரி ரேடார்களை முடக்கினார்கள்.

ஹாக்ஐ என்ற ரேடார் விமானத்தில் பறப்பு அதிகாரிகள் மூவர். முதுகில் 24 அடி விட்டமுள்ள சுழல்தட்டைச் சுமக்கும் இந்த விமானத்தின் குறுகிய உடலுக்குள், பக்கவாட்டில் திரும்பித் திரைகளைப் பார்த்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். கப்பலில் இறங்கும்போது முன்னால் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கொக்கி கம்பியைப் பற்றி விமானம் நிற்கும் அந்த இழுப்பில்தான் இறங்கிவிட்டது தெரியும். வெளியேற்று இருக்கையும் கிடையாது. ஆனால் வானில் இருக்கும் நட்பு விமானங்களை எங்கே நிறுத்துவது, யாரை யார்மேல் ஏவுவது என்பதெல்லாம் அந்த மூவர் கையில்.

பி-3 ஓரியன் ரோந்து விமானத்தில் தந்திரோபாய ஒருங்கிணைப்பாளர் என்ற பறப்பு அதிகாரியின் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. விமானியைவிட மூத்தவராகவும், பணித் தளபதியாகவும் அவர் பறப்பதும் உண்டு. பத்து மணி நேரத்துக்கும் மேலான பறப்புகள். எரிபொருளை மிச்சப்படுத்த நான்கு எஞ்சின்களில் ஒன்றை நிறுத்திவிட்டுக் கடலின்மேல் தாழச் சுற்றுவார்கள். மூன்றடி நீளமுள்ள ஒலிமிதவைகளை எங்கே, என்ன இடைவெளியில் போடுவது என்பது அவருடைய முடிவு. ஒலி கேட்கும் வீரர்கள் சொல்வதையும், கடல்நீரின் வெப்ப அடுக்குகளையும், நீர்மூழ்கியின் தளபதி என்ன நினைப்பான் என்ற ஊகத்தையும் சேர்த்து அடுத்த வரிசை மிதவைகளைப் போட வேண்டும். மிதவைகள் எண்ணிக்கையில் அடங்கியவை. முதல் மணியில் தாராளமாகப் போட்டவர் மூன்றாம் மணியில் கைவிரித்து நிற்பார். போர்விமானத்தின் இரண்டரை நிமிடத்துக்கும் இந்தப் பொறுமைக்கும் ஒரே சிறகுதான்.

நீர்மூழ்கியைத் தேடும் இந்த வேலை தமிழ்நாட்டிலும் நடக்கிறது. அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து இந்தியக் கடற்படையின் டியூ-142 விமானங்கள் 2017 வரை பறந்தன. 2013-இல் பி-8ஐ விமானங்கள் வந்தன. ஓரியனுக்குப் பதிலாக அமெரிக்கா வாங்கிய பி-8ஏ-யின் உடன்பிறப்பு இது. இந்தியக் கடற்படை பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றி இந்த அதிகாரிகளை நெடுங்காலம் அப்சர்வர் என்றே அழைத்தது. அவர்களுக்கான பள்ளி கொச்சியில் ஐ.என்.எஸ். கருடாவில் இருக்கிறது. முதல் விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்த அலிஸே விமானத்திலும் இருந்த அந்த மரபு வங்காள விரிகுடாவிலும் இந்தியப் பெருங்கடலிலும் தொடர்கிறது.

அமெரிக்காவில் இருக்கைகள் குறைந்திருக்கின்றன. இன்ட்ரூடர் 1997-இலும் டாம்கேட் 2006-இலும் விடைபெற்றன. எஃப்-35சி-யில் ஒரே இருக்கை. பிரவுலரில் மூவர் செய்த வேலையை அதன் இடத்துக்கு வந்த கிரவுலரில் ஒருவர் செய்கிறார். செயற்கைக்கோளும் கணினியும் பென்சிலையும் கோணமானியையும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. ஆனாலும் கணக்கையும் கடிகாரத்தையும் கற்பிப்பதை நிறுத்தவில்லை. அது சரியான முடிவு. எதிரி செயற்கைக்கோள் அலையை முடக்கும் நாளில் மனக்கணக்கு ஒன்றே மிஞ்சும். சேபர்லைனர் 2014-இல் ஓய்வுபெற்ற பிறகு, விடி-86 மாணவர்கள் டி-45சி விமானத்தின் பின்னிருக்கையில் பயில்கிறார்கள். அதில் உண்மையான ரேடார் இல்லை. தரையிலிருந்தும் மற்ற விமானங்களிலிருந்தும் தரவு இணைப்பில் வரும் செய்தியைக் கொண்டு ரேடார் படத்தைக் கணினி உருவாக்கித் திரையில் காட்டுகிறது. சூப்பர் ஹார்னெட்டின் இரட்டை இருக்கை வகை, கிரவுலர், பி-8ஏ, புதிய ஹாக்ஐ ஆகியவற்றில் பறப்பு அதிகாரியின் இடம் நிலைத்திருக்கிறது. ஈ-2டி என்ற இந்தப் புதிய ஹாக்ஐயில் பின்னால் மூவர் இருப்பதோடு, துணை விமானியின் முன்னாலும் அதே ரேடார் படம் வரும்படி செய்திருக்கிறார்கள். தேவைப்படும்போது அவர் ஓட்டும் வேலையை மற்ற விமானியிடம் விட்டுவிட்டு, நான்காவது பறப்பு அதிகாரியைப் போலத் திரையின் வேலையைப் பார்க்கிறார்.